அரியணை ஏறிய ஏவல்மொழி

ஆங்கிலம் பிறக்கும்போதே உலகமொழியாய்ப் பிறந்ததென்றும், சட்டமும் அறிவியலும் அதற்கே இயல்பாய் வாய்த்தனவென்றும் நம்புவார் இன்றும் நம்மிடையே பலர். அம்மொழியின் வரலாற்றை அவர் ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தாரல்லர்.

கி.பி. 1066-இல் நார்மானிய வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அதன்பின் ஏறத்தாழ முந்நூறாண்டுகள் அரசவையில் பிரெஞ்சும், கிறித்தவ மடங்களிலும் ஆவணங்களிலும் இலத்தீனும் கோலோச்சின. ஆங்கிலம் உழவரிடத்தும் ஏவலரிடத்தும் ஒதுங்கிக் கிடந்தது. உயிருள்ள மாட்டைக் குறிக்கும் 'கௌ' ஆங்கிலச்சொல். அதன் ஊனைக் குறிக்கும் 'பீப்' பிரெஞ்சுவழி வந்த சொல். மேய்த்தவன் மொழி எது, உண்டவன் மொழி எது என்பதை அச்சொற்களே இன்றும் காட்டும்.

1362-இல் மூன்றாம் எட்வர்டு காலத்தில் ஒரு சட்டம் பிறந்தது. முறைமன்றத்தில் நிற்பவனுக்குத் தனக்காகப் பேசப்படுவது எது, தனக்கெதிராகப் பேசப்படுவது எது என்றே விளங்கவில்லை. ஆகவே வழக்குரை ஆங்கிலத்தில் நிகழ்க என்றது அச்சட்டம். அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பெற்றது! வழக்கறிஞர் கூட்டம் பிரெஞ்சை எளிதில் விட்டதா? இல்லை. பிரெஞ்சையும் இலத்தீனையும் மன்றங்களினின்று நீக்க 1731-இல் மீண்டும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அது 1733-இல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்டவை முந்நூற்றெழுபது ஆண்டுகள்!

ஆழ்ந்த கருத்துகளையும் ஆங்கிலத்தில் எழுதலாம் என 1582-இல் எடுத்துரைத்தவர் இரிச்சர்டு மல்காசுடர் என்னும் பள்ளியாசிரியர். அத்தீவுக்கு அப்பால் அம்மொழிக்கு வழக்கில்லை என்னும் தடைக்கும் அவர் விடை கூற வேண்டியிருந்தது. நியூட்டனும் தம் 'பிரின்சிபியா'வை 1687-இல் இலத்தீனிலேயே வெளியிட்டார். 1704-இல் ஒளியியல் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பதினேழாண்டில் ஒரு மொழிக்குத் தகுதி புதிதாய் முளைத்துவிடுமா? எழுதத் துணிந்தபோது இருந்த தகுதி வெளிப்பட்டது, அவ்வளவே.

பின்னர் அது கடல் கடந்தது. கப்பலாலும் படையாலும் வாணிகத்தாலும் கடந்ததேயன்றி இலக்கணச் சிறப்பாலன்று. சென்றவிடமெல்லாம் உருமாறியது. அமெரிக்கரான நோவா வெபுசுடர் 1828-இல் தம் நாட்டுக்கெனத் தனி அகரமுதலி கண்டார். நம் கட்டுமரத்தையும் அம்மொழி தன் சொல்லாக்கிக்கொண்டது.

தம் மண்ணின் மன்றத்தில் அயன்மொழி ஆகாதென்று சட்டம் செய்தவர் ஆங்கிலர். அவர் விட்டுச்சென்ற ஆங்கிலமே இன்றும் சென்னை உயர்முறைமன்றத்தின் மொழி. அங்குத் தமிழை வழக்குமொழியாக்கத் தமிழகச் சட்டமன்றம் 2006-இல் முடிவு நிறைவேற்றியும் இசைவு கிட்டிற்றில்லை. தன் வழக்கில் பேசப்படுவது விளங்காது நிற்கும் தமிழ் உழவன், 1362-இன் ஆங்கில உழவன் நின்ற இடத்திலேயே நிற்கின்றான்.

ஆங்கிலத்தைப் பழிப்பதால் ஆவதொன்றில்லை. ஆங்கிலர் தம் மொழிக்குச் செய்ததைத் தமிழர் தம் மொழிக்குச் செய்வதே இன்று வேண்டுவது.