குளிர்காலமும் நமது அடுப்படியும்

 

புனித குர்ஆனில் குளிர்காலம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது நம் சின்னப் பிள்ளைகளும் மனனமிட்டிருக்கும் ஸூரத்துல் குறைஷ். குறைஷியர் குளிர்காலத்தில் யமன் தேசத்துக்கும் கோடையில் ஷாம் தேசத்துக்கும் வியாபாரப் பயணம் போய் வந்தார்கள். அதனால் அவர்களுக்குக் கிடைத்த உணவையும் அச்சமற்ற வாழ்வையும் எடுத்துக்காட்டி, கஃபாவின் இரட்சகனை வணங்குமாறு அந்த ஸூரா அழைக்கிறது. குளிர், உணவு, பாதுகாப்பு, வணக்கம் ஆகிய நான்கும் ஒரு சிறிய ஸூராவில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. நம் வீட்டுக் குளிர்காலமும் இந்த நான்கிலேதான் நிற்கிறது.

பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை போன்ற ஊவா மலையூர்களில் வாழும் சகோதரிகளுக்கு டிசம்பரும் ஜனவரியும் எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சமவெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 4000 அடி உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 6000 அடிக்கும் மேலே. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசும் காலம். காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கம் மாரி மழை கொட்டும் அதே நாட்களில் இங்கே மழையும் குளிரும் சேர்ந்து வருகின்றன. வானம் வெளுத்த சில இரவுகளில் நுவரெலியாவில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக வைத்துவிடும்.

ஸுபஹ் பாங்கு சொல்லும்போது வெளியே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தெருவிளக்கைச் சுற்றி மூடுபனி மஞ்சள் வட்டமாக நிற்கும். பெரியவர்கள் தலையில் மப்ளரும் சாரத்துக்கு மேலே கோட்டுமாகப் பள்ளிக்குப் போவார்கள். பேக்கரியில் பாண் இறக்கும் மணம் பாதி ஊருக்கு வரும். பாடசாலை போகும் பிள்ளைகள் வாயால் ஊதிப் "புகை" விட்டு விளையாடுவார்கள். சற்று வெயில் எட்டிப் பார்த்ததும் கம்பளிகள் எல்லாம் கொடிக்கு ஏறும். உம்மும்மாவுக்கு முற்றத்தில் ஒரு கதிரை போடப்படும். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டித் துண்டும், அடுப்பிலிருந்து இறங்கிய தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும், தடிமன் பிடித்தவருக்குக் கொத்தமல்லி அவித்த தண்ணீரும் என்று வீடு மணக்கும். இவற்றையெல்லாம் அனுபவிப்பது குற்றமல்ல. பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பித்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடித்தால் அந்த ரொட்டித் துண்டும் நன்மையாகிவிடுகிறது.

குளிர்காலம் முஃமினுக்கு வசந்தம் போன்றது என்ற கருத்தில் முஸ்னத் அஹ்மதில் ஓர் அறிவிப்பு உண்டு. குளிர்கால நோன்பைக் "குளிர்ந்த கனீமத்" என்று கூறும் இன்னோர் அறிவிப்பு திர்மிதியில் இருக்கிறது. கனீமத் என்றால் போரில் கிடைக்கும் பொருள். வாள் பிடிக்காமல், களைக்காமல் கைக்கு வந்தால் அது குளிர்ந்த கனீமத். முதல் அறிவிப்பின் தொடர் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். இரண்டாவது முர்ஸல் என்று இமாம் திர்மிதியே குறிப்பிட்டுள்ளார். என்றாலும் முன்னோர்களான நல்லோர் இந்தக் கருத்தை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். இரவு நீண்டது, எழுந்து வணங்கலாம். பகல் சுருங்கியது, நோன்பு பிடிக்கலாம் என்பது அவர்களது கணக்கு.

இந்தக் கணக்கு நம் நாட்டுக்கு அப்படியே பொருந்துமா? மதீனா மாநகரில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் இடையே சுமார் மூன்று மணித்தியாலம் வித்தியாசம் வருகிறது. நாமோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நமது மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. எனவே நமக்குக் கிடைக்கும் கனீமத் நேரத்தில் பெரிதாக இல்லை. தாகம் எடுக்காத பகலும், வெளியே சுற்ற மனமில்லாமல் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே கூடும் இரவுமே நமக்குக் கிடைத்த கனீமத்.

தாகம் எடுக்காத அந்தப் பகலை முதலில் பாருங்கள். நம் பெண்களுக்கு ஒவ்வொரு ரமழானிலும் சில நோன்புகள் விடுபட்டுப் போகின்றன. வீட்டு வேலை, பிள்ளைகள், விருந்தாளிகள் என்று கழா பின்தள்ளப்பட்டே வரும். அன்னை ஆயிஷா (ரழி) அவர்களுக்கும் விடுபட்ட நோன்புகளை ஷஃபான் மாதத்தில்தான் பிடிக்க முடிந்தது என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. ஆகவே ஷஃபான் வரை தாமதிப்பது ஆகும். ஆனால் தக்க காரணமின்றி அடுத்த ரமழானையும் தாண்ட விட்டால் பாவம் சேர்வதுடன், கழாவோடு நாளொன்றுக்கு ஒரு "முத்" அளவு தானியமும் கொடுக்க வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். ரமழான் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாட்கள் முன்னுக்கு வருகிறது. 2027இல் பெப்ரவரி இரண்டாம் வாரமளவிலும், 2028இல் ஜனவரி இறுதியிலும் அது தொடங்கும். 2030இல் ஜனவரி முதல் வாரத்திலும் டிசம்பர் இறுதியிலுமாக இரண்டு முறை வரும். பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். அதாவது இப்போதைய குளிர்காலம்தான் பலருக்குக் கழாவின் கடைசித் தவணை. கலண்டரில் குறித்துவைத்து, திங்களும் வியாழனுமாகப் பிடித்து வந்தாலே ஒரு மாதத்தில் கடன் தீர்ந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். குளிர்காலத்தில் பெண்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதைப் பற்றியதுதான். விடியற்காலையில் குளிப்புக் கடமையாகி இருக்கிறது, தண்ணீரோ ஐஸ் மாதிரி, என்ன செய்வது என்று கேட்கிறார்கள். சிலர் வெட்கத்தால் கேட்காமலே ஸுபஹைக் கழாவாக்கி விடுகிறார்கள். சகோதரிகளே, தண்ணீரைச் சூடாக்கிக் குளிப்பதால் கூலி குறையாது. சிரமமான வேளையில் வுழூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழிக்கும் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருவது உண்மை. அதற்காகச் சிரமத்தைத் தேடிப் போக வேண்டும் என்று பொருளல்ல. உறுப்புகளைச் சரியாகக் கழுவ விடாத அளவுக்குக் கடும் குளிரான தண்ணீரையும் கடும் சூடான தண்ணீரையும் பாவிப்பது மக்ரூஹ் என்றே நம் ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்களுக்குக் கடும் குளிர் இரவொன்றில் குளிப்புக் கடமையானது. குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று பயந்து தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். இது பற்றி நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வதைத் தடுக்கும் இறைவசனத்தை நினைத்தே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். நபியவர்கள் சிரித்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. அபூதாவூதில் வரும் சம்பவம் இது. ஆனால் இது சூடாக்க வழியில்லாத, ஆபத்துப் பயமுள்ள நிலைக்குரிய சலுகை. விறகும் காஸும் உள்ள வீட்டில் சோம்பலுக்காகத் தயம்மும் செய்ய முடியாது. உண்மையில் வழியில்லாமல் குளிருக்காகத் தயம்மும் செய்து தொழுதவரும் பின்னர் அத்தொழுகையைக் கழாச் செய்ய வேண்டும் என்பதே ஷாபிஈ மத்ஹபின் பலமான கருத்து.

சரி, தண்ணீரைச் சூடாக்கலாம். யார் சூடாக்குவது? இதைத்தான் இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். தயவுசெய்து இந்தப் பகுதியை வீட்டு ஆண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பல வீடுகளில் குளிர்காலத்தின் சுகம் எல்லோருக்கும், குளிர் மட்டும் உம்மாவுக்கு. நாலரை மணிக்கு எழும்பி ஈர விறகை ஊதி அடுப்பு மூட்டுவது அவர். கணவருக்கு வுழூத் தண்ணீர், மாமனாருக்குத் தேநீர், பிள்ளைகளுக்குக் குளிக்கச் சுடுதண்ணீர், பிறகு காலைச் சாப்பாடு என்று ஓடுபவரும் அவரே. எல்லோருக்கும் சூடாக்கிக் கொடுத்துவிட்டு, மிஞ்சியது இல்லாமல் பச்சைத் தண்ணீரில் வுழூச் செய்து கடைசி நேரத்தில் அவசரமாகத் தொழுவதும் அவர்தான். கம்பளிக்குள் இருந்துகொண்டு குளிர்காலம் முஃமினின் வசந்தம் என்று சொல்வது எளிது. வசந்தம் வீட்டில் ஒருவருக்கு மட்டும் வராமல் போனால் அது எப்படி வசந்தமாகும்?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டது. வீட்டாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டு விடுவார்கள் என்று பதில் வந்தது. இது புகாரியில் உள்ள செய்தி. உலகுக்கு ரஹ்மத்தாக வந்தவர் வீட்டு வேலையைத் தாழ்வாக நினைக்கவில்லை. ஆகவே இரவே விறகைக் கொத்தி உள்ளே எடுத்துவைப்பது ஆண்பிள்ளைகளின் வேலையாகட்டும். கேத்தலில் தண்ணீர் நிரப்பி வைப்பது மகளின் வேலையாகட்டும். பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுத்தால் விடியலில் இரண்டு பேரின் வுழூவுக்குத் தாராளமாகப் போதும். இரவில் எழுந்து தொழும் கணவன் மனைவியையும், மனைவி கணவனையும் எழுப்பி, எழாவிட்டால் முகத்தில் தண்ணீர் தெளிப்பதை நபியவர்கள் பாராட்டியதாக அபூதாவூதில் வருகிறது. நுவரெலியாவில் ஜனவரி மாதம் தண்ணீர் தெளித்தால் சண்டைதான் வரும்! அங்கே ஒரு கோப்பை இஞ்சித் தேநீரை நீட்டி எழுப்பிப் பாருங்கள்.

நெருப்பு பற்றியும் ஓர் எச்சரிக்கை. தூங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் வீட்டாரோடு தீப்பற்றியதைக் கேள்விப்பட்டபோதும் இதையே வலியுறுத்தினார்கள். குளிருக்காகச் சட்டியில் தணல் எடுத்து அறைக்குள் வைத்து, யன்னலையும் சாத்திக்கொண்டு தூங்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. குழந்தை பிறந்த வீட்டில் இது இன்னும் அதிகம். மூடிய அறையில் கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். அடுப்படியில் குளிர் காயுங்கள். படுக்கையறைக்குத் தணலைக் கொண்டுபோக வேண்டாம். சின்னக் குழந்தையை உம்மாவின் உடற்சூடும் தொப்பியும் காலுறையும் காத்துக்கொள்ளும்.

இனி, எல்லோரும் கூடும் இரவு. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கிடைப்பது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அடுப்பைச் சுற்றி எல்லோரும் இருப்பார்கள். ஆனால் இன்று ஆளுக்கொரு கைத்தொலைபேசி. உடம்பு ஒரே அறையில், உள்ளம் ஒவ்வொரு திசையில். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் ஒரு நாள் நபியவர்களுக்கு நீண்ட கதையொன்று சொன்னார்கள். பதினொரு பெண்கள் ஒன்றுகூடி, தத்தம் கணவரைப் பற்றி ஒளிக்காமல் பேசிய கதை அது. உம்மு ஸர்உ ஹதீஸ் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. எத்தனையோ பொறுப்புகளைச் சுமந்த நபியவர்கள் மனைவி சொன்ன அந்தக் கதையை முழுவதும் கேட்டார்கள். கடைசியில், உம்மு ஸர்உக்கு அபூ ஸர்உ எப்படியோ அப்படியே நானும் உமக்கு என்ற பொருளில் அன்பாகப் பதிலும் சொன்னார்கள். மனைவியின் பேச்சைக் கடைசிவரை கேட்பதும் ஸுன்னத் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? இந்தக் குளிர்காலத்தில் அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் தொலைபேசிகளை அலுமாரியில் வைத்துவிடுங்கள். பிள்ளைகள் ஒரு பக்கம் குர்ஆன் ஓதட்டும். பிறகு உம்மும்மா பழைய கதை சொல்லட்டும். அவருடைய முழங்கால் வலியையும் அப்போதுதான் யாராவது விசாரிப்பார்கள்.

கடைசியாக, நமது அடுப்பின் சூடு நம் சுவரோடு நின்றுவிடக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் மண் சரிந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலைநாடு எங்கும் வீடுகளும் உயிர்களும் போனதையும் நாம் மறக்க முடியாது. நாம் குளிர் என்று ரசிக்கும் அதே மழை இன்னொருவரின் கூரையை எடுத்துவிடுகிறது. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாயும் மரம் ஆகியவற்றைக் கண்டால் சாமான்களைப் பார்க்காமல் வெளியேறுங்கள். பக்கத்து வீட்டாரையும் கூட்டிச் செல்லுங்கள். ஆணம் சமைத்தால் அதில் தண்ணீரைக் கூட்டி அயலவரையும் கவனிக்கும்படி நபியவர்கள் அபூதர் (ரழி) அவர்களுக்கு உபதேசித்தது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்த அயலவர் தமிழரோ சிங்களவரோ, நம் சட்டியில் அவருக்கும் பங்கு உண்டு. அலுமாரிக்குள் மடிந்து கிடக்கும் மேலதிகக் கம்பளிக்கும் இதுவே சட்டம்.

வல்ல அல்லாஹ் நமது வீடுகளைக் குளிரிலும் அன்பின் சூடு குறையாத வீடுகளாக ஆக்குவானாக! மழையின் நன்மையைத் தந்து அதன் தீங்கிலிருந்து காப்பானாக! வீட்டாருக்காக விடியலில் அடுப்பு மூட்டும் கைகளை நரக நெருப்புத் தீண்டாமல் பாதுகாப்பானாக! ஆமீன்.