ஓய்வு தரும் தீவுக்கும் ஓய்வு வேண்டும்

உழைத்த உடலுக்கும் களைத்த உள்ளத்திற்கும் ஓய்வு தேவை என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. தேர்வுகள் முடிந்து விடுமுறை பிறந்ததும் நம் மனம் எதை நாடுகிறது? நீலக் கடலையும் வெண்மணலையும் தென்னை நிழலையும் அன்றோ! அலையோசையைக் கேட்டபடி கவலையின்றி அமர்ந்திருக்கும் ஒரு மாலைப்பொழுது பல நாள் அலுப்பைப் போக்கிவிடும். ஆகவே கடற்கரை விடுமுறையை வீண் ஆடம்பரம் என்று நாம் இகழவில்லை. ஆனால், நமக்கு ஓய்வளிக்கும் இடத்திற்கு நாம் என்ன அளிக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பிலிப்பைன்ஸ் நாட்டின் போராக்காய்த் தீவு இதற்கு நல்லதொரு பாடம். ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள சின்னஞ்சிறு தீவு அது. அதன் மேற்குக் கரையில் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்திற்கு மாவு போன்ற வெண்மணல் விரிந்து கிடக்கிறது. பவளமும் சிப்பியும் நெடுங்காலம் தேய்ந்து தேய்ந்து உண்டான மணல் அது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தீவே மதிலாக நின்று காற்றைத் தடுப்பதால், அக்கரையில் கடல் குளம்போல் அமைதியாயிருக்கும்.

அந்த அழகைத் தேடி 2017-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 20 இலட்சம் பேர் சென்றனர். விடுதிகள் பெருகின, சில, அலை தொடும் தூரத்திலேயே எழுந்தன. பல இடங்களில் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே கடலில் கலந்தது. குடியரசுத் தலைவராயிருந்த துதெர்த்தே, 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அத்தீவைச் சாக்கடைக் குட்டை என்றே சாடினார். அவ்வாண்டு ஏப்ரல் 26 முதல் ஆறு மாதங்களுக்குத் தீவு பயணிகளுக்கு மூடப்பட்டது. கரையை ஆக்கிரமித்த கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அக்டோபர் 26-இல் மீண்டும் திறந்தபோது, ஒரே சமயத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் தீவில் தங்கலாகாது என்று எல்லை வகுக்கப்பட்டது.

நல்லதே நடந்தது என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாமா? அந்த ஆறு மாதங்களில் பிழைப்பை இழந்தவர்கள் யார்? விடுதியில் படுக்கை விரித்த பெண்கள், படகோட்டிகள், சமையற்காரர்கள், கரையோரம் சிறு கடை வைத்திருந்தவர்கள்! பெரிய விடுதியின் கழிவு எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் இவர்கள் அல்லர். ஆயினும் பெருஞ்சுமை இவர்கள் தலையிலேயே விழுந்தது. எல்லையை முன்னரே வகுத்துக் காத்திருந்தால், கதவை அடைக்க வேண்டிய நிலையே வந்திராது என்பதே நம் கருத்து.

“வருவோரைக் குறைத்தால் வருவாயும் குறையுமே!” என்பார் சிலர். உண்மைதான். ஆனால் சிறிது குறைந்த வருவாயில் ஒரு குடும்பம் எப்படியேனும் சமாளிக்கும்; ஆறு மாதம் வருவாயே இல்லையென்றால் என்ன செய்யும்?

சட்டம் மட்டும் போதுமா என்றால், போதாது. 2022-ஆம் ஆண்டு புனித வார விடுமுறையின்போது கூட்டம் அந்த எல்லையையும் தாண்டிவிட்டது. அங்கே சென்ற ஒவ்வொருவரும், ‘நான் ஒருவன் போவதால் என்ன குறைந்துவிடும்?’ என்று எண்ணியிருக்கக் கூடும். ஒவ்வொருவரும் அவ்வாறே எண்ணும்போதுதான் தீவு மூழ்கிப்போகிறது, நீரில் அல்ல, நெரிசலில்!

தோழியரே, நாளை நம்மில் சிலர் இத்தகைய தீவுகளுக்குச் செல்லக்கூடும். கூட்டம் மிகுந்த நாட்களைத் தவிர்ப்போம். தங்கும் விடுதியின் கழிவுநீர் எங்கே போகிறது என்று தயங்காமல் கேட்போம். கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டு வருவோம். நம் அறையைத் துப்புரவு செய்பவரும் ஓய்வுக்கு உரியவர் என்பதை மறவாதிருப்போம். பெற்றோரும் பயணத் திட்டம் வகுக்கும்போதே இவற்றைப் பிள்ளைகளுடன் பேசுவார்களானால், அதுவே சிறந்த பாடமாகும்.

விருந்தினராய்ச் சென்ற வீட்டை, நாம் கண்டபடியே விட்டுத் திரும்புவோமாக!