எழுபது ஆண்டு காத்திரு!

டிசம்பர் 31-ந் தேதி இரவு. கோவை உப்பிலிபாளையம் இம்மானுவேல் ஆலயத்திலும், பெரியகடை வீதி மைக்கேல் பேராலயத்திலும் கூட்டம் நிரம்பி வழியும்.

மார்கழிக் குளிர். குழந்தைகள் தாய் மடியில் தூங்கிப் போயிருக்கும். மணி 12 ஆனதும் எழுப்பி விடுவார்கள். புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்குவார்கள்.

அதன் பிறகு பல சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தட்டில் சிறு சிறு அட்டைகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம் இருக்கும். வாக்குத்தத்த அட்டை என்று அதற்குப் பெயர். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். புது வருஷத்துக்கு அதுதான் அவருக்கு உரிய வசனம்.

வரன் அமையாத மகளின் தாய் எடுப்பார். வேலை தேடும் பையன் எடுப்பான். கடன்பட்ட விசைத்தறிக்காரர் எடுப்பார். அட்டையைத் திருப்பும் அந்த நிமிடத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சை முடிவு வந்தது போல இருக்கும்!

இந்த வழக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், கிளி எடுத்துப் போட்ட சீட்டு மாதிரி அதை நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து.

2020-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதியும் இப்படித்தான் அட்டை எடுத்தார்கள். மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தது. ஆலயக் கதவுகள் சாத்தப்பட்டன. ஏப்ரல் 12-ந் தேதி ஈஸ்டர். ஆலயத்தில் மக்கள் இல்லை. நல்ல வசனம் கிடைத்தும் இப்படி ஆகிவிட்டதே என்று கலங்கியவர்கள் எத்தனை பேரோ!

இந்த அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம் எரேமியா 29-ம் அதிகாரம், 11-வது வசனம். உங்களுக்குத் தீமை அல்ல, நன்மையே நினைத்திருக்கிறேன் என்று கடவுள் சொல்வதாக அதன் கருத்து.

அது யாருக்குச் சொன்னது தெரியுமா? கைதிகளுக்கு!

கி.மு. 597-ல் பாபிலோன் அரசன் ஜெருசலேம் நகரைப் பிடித்தான். ஏராளமானோரைச் சிறைபிடித்துக் கொண்டு போனான். அவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில்தான் இந்த வசனம் இருக்கிறது.

அப்போது அனனியா என்று ஒருவர் இருந்தார். இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொன்னார். அது காதுக்கு இனிமையாக இருந்தது. எரேமியாவோ, 70 ஆண்டு ஆகும் என்று எழுதினார். கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் ஊர் திரும்பப் போவதில்லை என்றுதானே அர்த்தம்?

அதற்காகச் சும்மா உட்காரவும் அவர் சொல்லவில்லை. வீடு கட்டுங்கள். தோட்டம் போடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள். இருக்கும் ஊர் நன்றாக இருக்கப் பிரார்த்தனை செய்யுங்கள் என்றார். எந்த ஊர்? அவர்களைச் சிறைபிடித்தவனின் ஊர்!

தான் அனுபவிக்காத நன்மைக்காகப் பாடுபடுவது கோவைக்குப் புதிது அல்ல. சிறுவாணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1889-லேயே சொன்னவர், பத்திரிகையாளர் நரசிம்மலு நாயுடு. அவர் கிறிஸ்தவர் அல்ல. ஊருக்கு உழைத்தவர். தண்ணீர் வர ஏறத்தாழ 40 ஆண்டு ஆனது. 1922-லேயே அவர் காலமாகிவிட்டார். அவர் பார்க்காத குழாய்த் தண்ணீரை நாம் குடிக்கிறோம்.

போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 11-வது வசனத்தைப் போடும்போது, 5-ல் இருந்து 10 வரை உள்ள வசனங்களையும் சேர்த்து அச்சிடுங்கள். 70 ஆண்டு என்று படித்தால் அந்த விசைத்தறிக்காரர் மனம் ஒடிந்து விடுவாரோ என்று பயப்பட வேண்டாம். ஜூன் மாதம் தறி நின்று போனாலும், அவர் எடுத்துப் படிக்க அதில் விஷயம் இருக்கும்.

அச்சுக்கூலியும் பெரிதாகக் கூடிவிடாது. அட்டையின் பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது?