இளம் இயற்பியலாளர் போட்டி

இளம் இயற்பியலாளர் போட்டி 1979 ஆம் ஆண்டு மாஸ்கோவில் தோன்றியது. 1988 முதல் பன்னாட்டு மாணவரும் கூடும் அரங்காயிற்று. அணிக்கு ஐவர், வினாக்கள் 17. பல திங்கள் ஆய்ந்து விடை காணவேண்டிய அவற்றிற்கு மனப்பாடம் உதவாது.

ஓரணி தன் முடிபை உரைக்கும். மற்றோரணி அதன் குறைகளை வினவும். மூன்றாம் அணி இருதிறத்தாரையும் சீர்தூக்கும். இதனைப் 'போர்' என்றே வழங்குகின்றனர். பெயர் சற்று மிகையே! வினவுவோர் தம் சொந்த விடையை எடுத்துரைத்தல் கூடாது என்பது விதி. இவ்விதியே போட்டிக்கு உயிர் எனலாம். பிறர் கூற்றைச் செவிமடுத்து, அதனுள் நின்றே ஐயம் எழுப்புதல் எளிதோ? தம் புலமையைக் காட்டவே விரையும் மாணவர் ஈண்டு இடர்ப்படுவர். பின்னர் நிலைகள் மாறும்; சற்றுமுன் பிறரை மடக்கியவர், அடுத்துத் தாமே வினாக்களுக்கு முன் நிற்றல் வேண்டும்.