பிசையாத மாவு சொல்லும் பாடம்

ஈக்காட்டுத்தாங்கல்ல எந்தத் தெருவுல நின்னாலும் இட்லி மாவு பாக்கெட் கிடைக்கும். 'மாவு பொங்கிடுச்சா?' என்று பாத்திர மூடியைத் திறந்து பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: வீட்டிலேயே பிரெஞ்சு பிரெட் செய்யும் வித்தையில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் மார்க் பிட்மன் ஒரு செய்முறையை எழுதினார். அது ஜிம் லேஹி என்ற பேக்கரிக்காரருடையது. மாவு, தண்ணீர், உப்பு, துளி ஈஸ்ட். பிசையவே வேண்டாம்; 12 முதல் 18 மணி நேரம் சும்மா விட்டு, மூடி போட்ட கனமான பாத்திரத்தில் சுட வேண்டும். அவ்வளவுதான்.

எப்படி இது சாத்தியம்? மைதாவில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டால் இவை சேர்ந்து குளூட்டன் வலையாகின்றன. பிசைவது அந்த வேலையை வேகப்படுத்தத்தான். தண்ணீரும் நேரமும் தாராளமாகக் கொடுத்தால் வலை தானாகவே பின்னிக்கொள்ளும்.

'கடையில வாங்கினா முடிஞ்சுது, இதுக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடணும்?' என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா தொழிற்சாலைக்கு நேரம்தான் பெரிய செலவு. 1961-இல் இங்கிலாந்தில் வந்த சார்லிவுட் முறை, அதிவேக மிக்சரை வைத்து மணிக்கணக்கான வேலையைச் சில நிமிடங்களில் முடித்தது. மாவைச் சீக்கிரம் வலுவாக்கச் சேர்த்த பொருட்களில் ஒன்று பொட்டாசியம் புரோமேட். புற்றுநோய் அபாயம் பற்றிய சர்ச்சை எழுந்ததும் 2016-இல் இந்தியா அதைத் தடை செய்தது. கடை பிரெட் எல்லாம் விஷம் என்று சொல்ல வரவில்லை. நேரத்தை மிச்சம் பிடித்தால் அந்த இடத்தில் வேறு ஏதோ ஒன்று வந்து உட்காரும் என்கிறேன்.

என் முக்கியமான வாதம் இனிமேல்தான். லேஹியின் 18 மணி நேரம், சுமார் 21 டிகிரி அறைக்கான கணக்கு. நம்மூர் மே மாத இரவில் அதே 18 மணி நேரம் விட்டால் மாவு புளித்து, தளர்ந்து, கூழாகிவிடும். இங்கே 6 முதல் 8 மணி நேரமே தாராளம். மார்கழிக்கு ஒரு நேரம், சித்திரைக்கு ஒரு நேரம் என்று அம்மா இட்லி மாவுக்கு வைத்திருக்கும் கணக்குதான் இதற்கும். நாமோ சீனியரின் ரீடிங்கை ரெக்கார்டில் அப்படியே எழுதிப் பழகியவர்கள். எந்தச் சூழ்நிலையில் எடுத்த எண் என்று கேட்பதே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்காதவரை, வகுப்பில் படிக்கும் 'பவுண்டரி கண்டிஷன்' தேர்வுத்தாளோடு முடிந்துபோகும்.

செஞ்சு பாருங்க. 200 கிராம் மைதா, 140 மில்லி தண்ணீர், 4 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை இன்ஸ்டன்ட் ஈஸ்ட். கரண்டியால் கலக்கி, மூடி வைத்துவிட்டுத் தூங்குங்க. கையில் ஒட்டுகிறதே என்று மாவை அள்ளிக் கொட்டாதீங்க, ஒட்டத்தான் செய்யும். காலையில் இரண்டு மடங்காகி, மேலே குமிழ் தெரிந்தால் சரி. மாவு தூவிய பலகையில் நான்கு பக்கமும் மடித்து, முக்கால் மணி நேரம் விடுங்க. பிளாஸ்டிக் பிடி இல்லாத, மூடியுள்ள கனமான பாத்திரத்தை ஓடிஜிக்குள் வைத்து 230 டிகிரியில் நன்றாகச் சூடாக்குங்க. துணி பிடித்து, கவனமாக மாவை உள்ளே போட்டு, மூடி 25 நிமிடம், திறந்து 10 முதல் 15 நிமிடம். மாவிலிருந்து வரும் ஆவி மூடிக்குள் தங்குவதால், மேல்தோல் சீக்கிரம் இறுகாமல் பிரெட் நன்றாக உப்பும். மூடியை எடுத்த பிறகுதான் மொறுமொறுப்பு வரும். ஆறிய பிறகே வெட்டுங்க.

'டைம் இல்ல மச்சி' என்பதுதான் நம் கல்லூரியில் அதிகம் கேட்கும் வசனம். இதில் உங்கள் கைவேலை கால் மணி நேரம்கூட வராது. மிச்சத்தை நீங்கள் தூங்கும்போது ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். இந்தச் சனிக்கிழமை ராத்திரி கலந்து வையுங்க. எத்தனை மணி நேரத்தில் பொங்கியது, அறையில் எத்தனை டிகிரி என்று குறித்தும் வையுங்க. அந்த ரீடிங்காவது நம்முடையதாக இருக்கட்டும்.