கல் எங்கே கிடந்தது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வைரத்தில் தொடங்கி நம் காரை கிராமத்துக்கு வந்து சேரும். பொறுமையாகப் படியுங்கள்.

ஆந்திராவில் அனந்தப்பூர் மாவட்டத்தில் வஜ்ரகரூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. வஜ்ரம் என்றால் வைரம். கோடை முடிந்து முதல் மழை பெய்ததும் அந்தப் பக்கத்து வயல்களில் சனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து குனிந்தபடி வைரம் தேடுவார்கள். மழைநீர் மேல்மண்ணை அரித்துவிட்டால் எங்காவது ஒன்று பளிச்சென்று தெரியும் என்ற நம்பிக்கைதான். சிலருக்குக் கிடைத்தும் இருக்கிறது.

அந்த வைரம் அங்கே எப்படி வந்தது? பூமிக்குள் ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் அழுத்தத்தில் கரி வைரமாகிறது. பாடநூலில் பூமியின் கவசம் என்று படித்தோமே, அந்த மேண்டில் பகுதி. மனிதன் இதுவரை தோண்டியதிலேயே மிக ஆழமான துளை ரஷ்யாவில் கோலா என்ற இடத்தில் இருக்கிறது. அதுவே 12,262 மீட்டர்தான். பூமியின் மையத்துக்கோ 6,371 கிலோமீட்டர் போக வேண்டும். ஆகவே வைரத்தை நாம் போய் எடுத்துவரவில்லை, அதுவாக மேலே வந்தது. குலுக்கித் திறந்த சோடா பாட்டில் போல, வாயு நிறைந்த பாறைக்குழம்பு ஆழத்திலிருந்து பீறிட்டு மேலேறும்போது வழியில் இருந்த வைரத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. குழம்பு இறுகிய பாறைக்குக் கிம்பர்லைட் என்று பெயர். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரத்தை வைத்து வந்த பெயர் அது.

வைர வியாபாரி கல்லுக்குள் புள்ளி தெரிந்தால் தோஷம் என்று விலையைக் குறைப்பார். புவியியலாளருக்கோ அந்தப் புள்ளிதான் புதையல். பிரேசிலில் ஜுயினா என்ற இடத்தில் கிடைத்த, அழகில்லாத ஒரு சிறிய பழுப்பு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத் துணுக்கு இருந்தது. அதில் எடைக்கு ஒன்றரை சதவீதம் அளவுக்குத் தண்ணீர் அடங்கியிருக்கிறது என்று கிரகாம் பியர்சன் குழுவினர் 2014ல் எழுதினார்கள். நானூறு, ஐநூறு கிலோமீட்டருக்கும் கீழே உள்ள பாறையில் தண்ணீர் உண்டு என்பதற்குக் கையில் கிடைத்த சாட்சி அது.

இனி நம் பக்கத்துச் செய்தி. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புவியியலாளர் என்.வி. சலபதி ராவும் அவருடைய குழுவினரும் 2016ல் 'கோண்ட்வானா ரிசர்ச்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வஜ்ரகரூர் வட்டாரத்தைச் சேர்ந்த திம்மசமுத்திரம் கிம்பர்லைட் பாறைகளைப் பற்றியது. அந்தப் பாறைக்குள் பெரோவ்ஸ்கைட் என்ற நுண்ணிய மணிகள் உண்டு. குழம்பு இறுகும்போது உருவானவை. அவற்றுக்குள் இருக்கும் யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் பாறையின் வயது தெரியும்.

அளந்தார்கள். பாறைக்கு ஏறத்தாழ 110 கோடி வயது. ஆனால் அதே குழாய்ப் பாறையில், பெரிய பெரிய மணிகள் கொண்ட இன்னொரு வகைப் பாறை பழைய பாறையைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தது. அதன் வயது சுமார் 9 கோடிதான்! ஒரே இடத்தில், 100 கோடி ஆண்டு இடைவெளியில், பூமி இரண்டு முறை வாய் திறந்திருக்கிறது. மடகாஸ்கர் நம்மிடமிருந்து பிரிந்ததும் ஏறத்தாழ அந்த 9 கோடி ஆண்டுக் காலத்தில்தான்.

இந்த ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சிறு விஷயம். யாராவது அந்த இரண்டு வகைக் கற்களையும் ஒரே சாக்கில் அள்ளிப்போட்டு வந்து மேசைமேல் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வயதை அளக்கும் கருவி எண்ணைச் சொல்லிவிடும். ஆனால் எது எதைத் துளைத்துக்கொண்டு வந்தது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அது கல் கிடந்த இடத்தில்தான் எழுதியிருந்தது.

சரி, அனந்தப்பூரில் அந்த இரண்டாவது குழம்பு பீறிட்ட நாளில் நம் ஊர் எப்படி இருந்தது? கடல்! கருடமங்கலம் பக்கத்துச் சிப்பிப் பாறைகள் ஏறத்தாழ அந்தக் காலத்தில் கடலடியில் படிந்தவை. 1862ல் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் நம் பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தார். இன்றைக்கும் உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் நம் ஊர்ப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். கும்பகோணம் பக்கத்துக்காரர்கள் கோயிலைக் காட்டுவதுபோல நாம் காட்டவேண்டியவை காரையும் சாத்தனூரும். சாத்தனூர்க் கல்மரம் 18 மீட்டர் நீளம். 1940ல் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பதிவு செய்தார். அவர்தான் பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர்.

இப்போது மனக்குறைக்கு வருகிறேன். காரைக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். சுருள் சுருளான அம்மோனைட், பென்சில் முனை போன்ற பெலெம்னைட். பழைய மாணவர் ஒருவர் அப்படி ஒன்றைப் படம் எடுத்து அனுப்பி, "ஐயா, இது என்ன விலை போகும்?" என்று கேட்டார். "எந்த இடத்தில் எடுத்தாய் தம்பி? ஓடையிலா, மேட்டிலா, களிமண்ணுக்குள்ளா?" என்று கேட்டேன். "ஞாபகம் இல்லை ஐயா" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. எந்தப் பள்ளியிலும் நாம் இதைச் சொல்லித் தரவில்லையே.

"வெயிலிலும் மழையிலும் கிடந்து அழிவதைவிட என் ஷோகேஸில் இருந்தால் நல்லதுதானே?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கல்லமேடு கதை அதற்குப் பதில் சொல்லும். அரியலூர் கல்லமேட்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யசாமியும் மாபெரும் எலும்புகளைக் கண்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். 1980களின் இறுதியில் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். எலும்புகளோ ஈரத்தில் பொடிந்து இல்லாமலே போய்விட்டன. அது ஊன் உண்ணியா, தழை உண்ணியா, எலும்புதானா, கல்லான மரமா என்று எத்தனையோ சந்தேகம். ஆனால் அளவும், இடமும், எந்த அடுக்கு என்பதும் எழுதப்பட்டிருந்தன. 2022ல் பழைய புகைப்படங்கள் வெளிவந்தன. 2023ல் அதன் எடை 100 டன்னுக்கு மேல் இருக்கலாம் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கல் போய்விட்டது, குறிப்பு இன்னும் பேசுகிறது. நம் வீட்டு ஷோகேஸில் கல் இருக்கிறது, ஆனால் அதற்குப் பேச்சில்லை.

இடத்தை விட்டு வந்த கல்லைப் பற்றி வதந்திதான் வளரும். 2020ல் குன்னம் ஏரியில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பறந்தது நினைவிருக்கும். வல்லுநர்கள் வந்து பார்த்து, கடலடிப் படிவு உருண்டைகள் என்று சொன்ன செய்தி எத்தனை குரூப்பில் போனது?

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் சொல்லாமல் விடமுடியாது. நம் பிள்ளைகள் பலருக்கு சிமெண்ட் ஆலையில்தான் வேலை. சுரங்கத்தை மூடச் சொல்கிறவன் நான் இல்லை. உண்மையில், சுரங்கம் வெட்டியதால்தான் பல அடுக்குகள் கண்ணுக்கே தெரிந்தன. ஆனால் வெடிவைத்து டிப்பர் லாரியில் ஏற்றிவிட்டால் அந்தப் பக்கம் கிழிந்தது கிழிந்ததுதான். வெடிக்கும் முன் ஒரு புவியியலாளர் வந்து பார்த்து, படம் எடுத்து, குறித்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும். சுரங்கத்தைக் கைவிடும்போது ஒரு பக்கச் சுவரையாவது மண் போட்டு மூடாமல் மாணவர்களுக்கு விட்டுவைக்க வேண்டும். அரசாங்கம் நினைத்தால் இது பெரிய செலவில்லை.

உங்களிடம் நான் கேட்பது மூன்றுதான்.

ஒன்று, கல்லைப் பார்த்தால் எடுக்காதீர்கள். கிடந்தபடியே, பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள். போனில் லொகேஷனைப் போட்டுவிட்டு எடுத்தால் இடமும் பதிவாகிவிடும். அரிதானது என்று தோன்றினால் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

இரண்டு, ஏற்கெனவே வீட்டில் கல் வைத்திருப்பவர்கள், அப்பாவோ தாத்தாவோ எந்த ஊரில், எந்த ஓடையில் எடுத்தார் என்று இன்றைக்கே கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை இது.

மூன்று, பிளஸ் டூ முடித்த பிள்ளை "ஜியாலஜி படிக்கிறேன்" என்றால் "அதற்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று முகம் சுளிக்காதீர்கள். நம் மண்ணைப் பற்றி எழுத வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். எழுதுகிறவர்களில் நம் ஆலத்தூர், செந்துறைப் பிள்ளைகளும் இருக்கட்டுமே.

காரையிலோ கல்லமேட்டிலோ சுரங்கத்திலோ நீங்கள் எடுத்த படங்கள் இருந்தால், ஊரும் இடமும் எழுதி இங்கே கமெண்டில் போடுங்கள். விலை கேட்டால் மட்டும் பதில் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்