தேங்காயெண்ணெய் தலைக்கு நல்லது, கேபிளுக்கு இல்ல

பைக் செயின் கீச்சுன்னு கத்தினாலும் சரி, எக்ஸிலேட்டர் கேபிள் இறுகினாலும் சரி, நம்ம லயங்கள்ல முதல்ல கை போறது அடுப்படிப் போத்தலுக்குத்தான். ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டா சத்தம் நின்னுடும். அது வேலை செய்யுறது உண்மைதான். எவ்வளவு நேரத்துக்கு என்பதுதான் கேள்வி.

இந்தப் பழக்கத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனமில்லை. 2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றது. கியூஆர் முறை வந்தபோது ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர், பைக்குக்கு 4 லீற்றர்தான். எஞ்சின் ஒயில், கிரீஸ் விலையும் எகிறியது. தோட்டத்து நாள் சம்பளமோ 2021இல் வந்த அதே 1,000 ரூபாய். கிரீஸா அரிசியா என்று வந்தால் யாராக இருந்தாலும் அரிசியைத்தான் வாங்குவார்கள்.

ஆனா நம்ம கஷ்டத்தைப் பார்த்து எண்ணெய் தன் குணத்தை மாத்திக்காது. தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். காலையில தலைக்கு வைக்க, போத்தலை அடுப்புக்குப் பக்கத்துல வச்சு உருக்குறோமே, அதே எண்ணெய்தான் ராத்திரி முழுக்க வெளியில நின்ன ஆட்டோவோட கேபிளுக்குள்ளயும் இருக்கு. அதை யார் உருக்குறது? முறுக்கின எக்ஸிலேட்டர் கையை விட்டதும் திரும்பி வரணும். பைக்கோட முன் பிரேக் கேபிள் இழுத்ததும் ஓடணும். கொழும்பு மாதிரி சமதரையில, அந்தச் சூட்டுல, இது பெரிய விஷயமா இருக்காது. விடியக்காலைல ரம்பொட வளைவுகள்ல இறங்குறவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

"சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் உறையாதே" என்று கேட்கலாம். பதில் பொரிக்கிற சட்டியிலேயே இருக்கு. சட்டி ஓரத்துல பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு, தேய்ச்சாலும் போகாத மஞ்சள் படலம் எப்படி வந்தது? சூடும் காற்றும் பட்டு எண்ணெய் இறுகியதால வந்தது. செயின்லயும் அதேதான் மெதுவா நடக்கும். அந்தப் பிசின்ல பாதைத் தூசியும் மணலும் ஒட்டினா, அது அரம் மாதிரி செயினையும் பல்லுச் சக்கரத்தையும் தின்னும். கிரீஸ்ல மிச்சம் பிடிச்ச காசு, புதுச் செயின் வாங்கப் போயிடும். இன்றைக்குத் தேங்காயெண்ணெயும் மலிவான சாமான் இல்லை.

மாட்டுவண்டி அச்சுக்கு ஆமணக்கெண்ணெய் போட்டது நம் மரபுதான். காஸ்ட்ரோல் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. முதலாம் உலகப்போர் விமானங்கள்கூட அந்த எண்ணெயில் ஓடின. ஆனால் அது குளிரில் லேசில் உறையாத எண்ணெய். அப்படியிருந்தும் பிசின் படியும் என்பதால் அந்த எஞ்சின்களை அடிக்கடி பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

அடுப்படி எண்ணெயைக் கதவுப் பிணைச்சலுக்கு விடுங்க, பரவாயில்ல. கேபிளுக்கும் செயினுக்கும் வேண்டாம். பிரேக் ஒயில் டேங்குல ஒரு சொட்டுக்கூட விடாதீங்க. உள்ளே இருக்கிற ரப்பர் ஊதிப்போய் பிரேக்கே பிடிக்காமப் போகலாம்.

"கவனமா இருங்க" என்று சொல்லிட்டுப் போனா மட்டும் போதாது. தோட்டத்துல பிரசவ வலி வந்தா டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போறது ஆட்டோவுலதான். பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏத்திக்கிட்டுப் போறதும் அதுதான். அப்படின்னா அதோட கேபிள் ஓட்டுறவர் ஒருத்தரோட செலவு மட்டும் இல்ல. ஒரு டின் கிரீஸும் ஒரு போத்தல் செயின் ஒயிலும் பல வண்டிக்கு மாசக்கணக்குல வரும். ஆட்டோ ஸ்டாண்டுலயும் வாலிபர் சங்கத்துலயும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கி வைக்கலாம். கிரிக்கெட் பந்துக்குக் காசு சேர்க்கத் தெரிஞ்ச நமக்கு இது முடியாத காரியமா?